கால் வரையாத கை

என் அறையில் குறுக்காக ஒரு கொடி கட்டியிருக்கிறேன். அதில் துணி போடுவதில்லை. பழைய வாரப் பத்திரிகைகளின் அட்டைப்படங்களைத் துணிக் கிளிப்பு மாட்டித் தொங்கவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருக்கிறதை இறக்கிவிட்டு வேறு படங்களை ஏற்றுவேன். போட்டோ பிடித்துப் போட்ட அட்டை எனக்கு ஆகாது. கையால் வரைந்ததாக இருக்க வேண்டும்.

"வீட்டப் பேப்பர் கடை ஆக்குறீங்களேம்மா" என்று மகள் ஆரம்பத்தில் சலித்துக்கொண்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை தோசை சுடுகிறவள், கரண்டியோடு வந்து வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள். ஒருநாள் தோசை கருகிய வாசம் வந்தது. அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் படங்களை ஏலக்காய் பிரிக்கிற மாதிரிதான் பிரித்தேன். கை அதற்குத்தான் பழகியிருந்தது. மலையில் தோட்டத்திலும், இறங்கி வந்த பிறகு போடியில் சரக்கு அடுக்குகிற கிட்டங்கியிலும் காய் பொறுக்கியவள் நான். பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி. அதே மாதிரி பச்சைச் சேலைக்காரிகள் ஒரு பக்கம், வெளிறிப்போனவர்கள் ஒரு பக்கம், மடிப்பில் கிழிந்தவர்கள் ஒரு பக்கம் என்று கொடியில் மாட்டினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் சலித்துவிட்டது. பிறகு கையைப் பார்த்துப் பிரிக்க ஆரம்பித்தேன். வரைந்தவருடைய கையை.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வரிசையாக உட்கார்ந்து காய் புடைக்கும்போது, முறம் ஆடுகிற சத்தத்தை வைத்தே பக்கத்தில் இருப்பது யார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். படமும் அப்படித்தான். ஒருவர் வரைந்தால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே மூக்கு. இன்னொருவருக்குக் காது வராது, பூவை வைத்து மறைத்துவிடுவார். இப்படிப் பார்த்துப் பார்த்து ஒருவர் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனார். பேர் தெரியாது. படத்தின் ஓரத்தில் ஒரு சுழியும் ஒரு கோடும் போட்டிருப்பார், அதுதான் அவர் கையெழுத்து. அவர் வரைகிற மணிக்கட்டில் வளையல் இப்போதே கழன்று விழப்போகிற மாதிரி இருக்கும். விழாது. அந்த மணிக்கட்டை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

முழங்கால் வலியால் நான் நின்று பார்ப்பதைவிடத் தரையில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அதிகம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்குப் பக்கத்தில் வருவது முகம் இல்லை, படத்தின் கீழ்க்கரை. ஒரு வாரம் முழுக்க அவர் படங்களையே மாட்டியிருந்தேன். உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வந்தவள், ஒன்றைக் கவனித்தேன். ஒருத்திக்கும் கால் இல்லை.

ஒருத்தி ஆற்றுக்குள் நிற்கிறாள். ஒருத்தி நெற்பயிருக்குள் நிற்கிறாள். ஒருத்தியின் சேலைக் கொசுவம் தரையெல்லாம் பரந்து கிடக்கிறது. ஒருத்தியின் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிறது. முகம், கழுத்து, கை, பின்னல் எல்லாம் அப்படி அழகு. கால் மட்டும் எங்கேயோ போய்விட்டது.

மார்க்கெட் பக்கம் இருக்கிற பழைய பேப்பர் கடையில்தான் நான் படம் எடுப்பது. அடுத்த முறை போனபோது கட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கீழ்க்கரையைப் பார்த்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன ஆத்தா, குனிஞ்சு குனிஞ்சு தேடுறீக?"

"கால் இருக்கானு பாக்குறேன் அப்பு."

"காலா? மூஞ்சியப் பாத்துத்தான் எல்லாரும் பத்திரிகை வாங்குவாக. கால் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்."

கடையில் இன்னும் ரெண்டு பேர் நின்றார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அவர் மறக்கவில்லை, நான் எடுத்து வைத்ததில் எல்லாம் இருந்த சுழியையும் கோட்டையும் கவனித்து வைத்திருந்தார். பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது கூப்பிட்டார்.

"ஆத்தா, ஒங்க ஆளு ஒண்ணு வந்திருக்கு. இதுவும் தண்ணிக்குள்ளதான் நிக்குது. எம்புட்டு நேரந்தான் நிக்குமோ, சளி புடிச்சிரப் போகுது."

சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஒரு காரணமும் வைத்திருந்தார். மேலே பத்திரிகைப் பேருக்கு இடம் விட வேண்டும், அதனால் படத்தைக் கீழே இறக்கிப் போட்டிருப்பார்கள், கால் வெளியே போயிருக்கும் என்றார். நானும் வீட்டுக்கு வந்து பார்த்தேன். கன்றுக்குட்டிக்குக் குளம்பு இருக்கிறது. குதிரைக்கு நாலு காலும் இருக்கிறது. ஒரு நாரை ஒற்றைக் காலில் நிற்கிறது, விரல் விரலாக வரைந்திருக்கிறார். இடம் இல்லாமல் இல்லை. பெண்ணின் கால் என்று வந்தால் மட்டும் கை நின்றுவிடுகிறது. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ரசத்துக்குப் புளி கரைக்கும்போதுகூட அதே யோசனை.

அப்படி ஒருநாள் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் விளக்குக்காரியின் ஞாபகம் வந்தது.

போடிமெட்டு தாண்டி, கேரளா பக்கத்துச் சரிவில் ஒரு ஏலத்தோட்டம். கல்யாணம் ஆனதில் இருந்து சரிவு ஏற முழங்கால் மறுக்கிற வரைக்கும் அங்கேதான் இருந்தேன். எங்களுக்கு லயம் கொடுத்திருந்தார்கள். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள். வெளிச்சுவர் கல்லும் மண்ணும். அறைக்கும் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்பு. பலகை இடுக்கில் குளிர் வரும். அதற்காக எல்லா வீட்டிலும் பலகையில் பேப்பர் ஒட்டுவோம். மைதாவைக் காய்ச்சி, செடிக்கு மருந்தடிக்க வைத்திருக்கிற துருசில் துளிப் பொடி சேர்த்தால் பூச்சி அரிக்காது. தை பிறக்கிறதுக்கு முன்னால் பழசின் மேலேயே புதுசை ஒட்டிவிடுவோம். சாமி படம் இருந்தால் அதன் மேல் மட்டும் ஒட்ட மாட்டோம். சுற்றி ஒட்டிவிட்டு அதை விட்டுவிடுவோம்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளையின் சம்சாரம் மலையாளத்துக்காரி. சேச்சி என்போம். தமிழும் படிப்பாள், மலையாளமும் படிப்பாள். ரெண்டு பாஷை வாரப் பத்திரிகையும் படித்து முடித்ததும் கட்டாக எங்களிடம் தந்துவிடுவாள். மற்றவர்கள் கையில் வந்ததை ஒட்டினார்கள். நான் அட்டைகளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, படம் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மலையாளத்தில் ஒரு எழுத்தும் தெரியாது. படத்துக்கு அது தேவைப்படவில்லை.

பலகைக்கு அந்தப் பக்கத்து அறையில் இருந்தவளை மதினி என்று கூப்பிடுவேன். சொந்தம் இல்லை. ஒரு பலகை இடைவெளியில் குடியிருந்ததில் வந்த முறை. ஒருதடவை சேச்சி கொடுத்த கட்டுக்குள் இருந்து ஒரு அட்டையை மதினி உருவி எடுத்தாள். நிலா வெளிச்சத்தில் மஞ்சள் சேலை கட்டிய பெண் ஒருத்தி, கையில் விளக்கு, அவிழ்ந்த கூந்தல். பின்னால் மூன்று கிளையாகப் பிரிந்த மொட்டை மரம்.

"சூலம்" என்றாள் மதினி.

எனக்கு அது மரமாகத்தான் தெரிந்தது. வாயைத் திறந்து சொல்லவில்லை, அப்போதெல்லாம் நான் எதையும் சொல்கிறவள் இல்லை. சாமி தலைக்கு மேல் எழுத்து இருக்கக் கூடாது என்று பத்திரிகைப் பேரைக் கத்தரித்து எறிந்துவிட்டு, தன் பக்கத்துப் பலகையில் ஒட்டிப் பொட்டு வைத்தாள். அந்த வாரமே பெருங்காற்று அடித்தது. லயத்தில் நாலைந்து அறைக்குக் கூரைத் தகரம் பறந்துபோனது. மதினி அறைக்குப் பறக்கவில்லை. என் வீட்டுக்காரர் முந்தின நாள்தான் எங்கள் ரெண்டு அறைக் கூரைமேலும் பாரக்கல் ஏற்றி வைத்திருந்தார். ஆனால் கல்லை யார் கும்பிடுவார்கள். அன்றிலிருந்து அந்தப் படம் விளக்குக்காரி ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் லயத்துப் பெண்கள் வந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நானும் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன்.

காலைத் தொட்டு. அதுதான் இப்போது என்னைப் பிடித்துக்கொண்டது. சிமினி விளக்கு வெளிச்சத்தில் ரெண்டு கறுத்த பாதங்களைப் பார்த்த ஞாபகம் நன்றாக இருக்கிறது. விளக்குப் பிடித்திருந்த கையும் ஞாபகம் வந்தது. வளையல் விழப்போகிற மணிக்கட்டு. அது அவர் வரைந்ததுதான், சந்தேகம் இல்லை. அப்படியென்றால் அவர் ஒரே ஒரு தடவை கால் வரைந்திருக்கிறார். அதை இன்னொரு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு வேறு ஆசை இல்லை என்கிற அளவுக்கு அது ஆகிவிட்டது. ஆனால் ஒரு பழைய அட்டைப்படத்துக்குக் கால் இருக்கிறதா பார்க்க மலைக்குப் போகிறேன் என்று மகளிடம் எப்படிச் சொல்வது.

நான் சொல்லவேண்டி வரவில்லை. மதினியின் மகன் போடியில்தான் ஜீப்பு ஓட்டுகிறார். என்னை அத்தை என்பார். ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அத்தை, லயத்த இடிக்கப் போறாக. டூரிஸ்டுகளுக்கு ரூமு கட்டப் போறாகளாம். எல்லாரும் காலி பண்ணிட்டாக. எங்கம்மா மட்டும் எறங்க மாட்டேங்குது."

"ஏன் மாப்ளே?"

"பலகையில இருக்கிற சாமிய விட்டுட்டு வராதாம். பேத்து எடுத்துத் தர்றேன்னா, பேத்தாக் கிழியும், கிழிஞ்சாப் பின்னமாயிரும், பின்னமான சாமியக் கும்பிடக் கூடாதுங்குது. சரி, கண்ணாடி போட்டுப் புதுப்படம் ஒண்ணு வாங்கித் தர்றேன்னு சொன்னேன். அப்படியே ஒனக்கு ஒரு புது அம்மாவையும் வாங்கிக்கங்குது. நீங்க வந்து சொன்னாக் கேக்கும் அத்தை. திங்கக்கிழமை இடிக்க வர்றாக."

நான் சொல்லி யாரும் எதையும் கேட்டதில்லை. ஆனாலும் வருகிறேன் என்றேன். மகள் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மலை ஏறும்போது ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வளைவுக்கு வளைவு காது அடைத்தது. கிழிந்தால் பின்னம், பின்னமானால் மதினிக்கு அது வேண்டாம். வேண்டாதது என் கொடிக்கு வரலாம். ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தால்கூடப் போதும். இந்த நினைப்பு எனக்கு வந்தது. வெடித்த காயைப் பொறுக்கி ஓரமாகப் போடுகிற மாதிரி அதையும் ஓரமாகப் போட்டேன். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் போட்டேன்.

லயத்தில் பாதிக் கூரையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். மதினி தன் அறை வாசலில் துணிமூட்டையோடு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது, குரல் அப்படியேதான் இருந்தது.

"யாரு, வெளிய தலகாட்டாத மகராசியா? என்னப் பாக்க வந்தியா, அவளப் பாக்க வந்தியா?"

"ரெண்டு பேரையுந்தான் மதினி."

"மொதல்ல யார?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியும்டி. போய்ப் பாரு."

உள்ளே போய் உட்கார்ந்தேன். மணிக்கட்டைத்தான் முதலில் தேடினேன். இருந்தது. அவர் கைதான். ஆனால் முகத்தில் அப்பிய பொட்டு, சந்தனம், எண்ணெய்ப் புகை. கீழே, கால் இருக்க வேண்டிய இடத்தில், இத்தனை வருஷக் குங்குமம் கரைகட்டி நின்றது. ஒரு விரல் கனம் இருக்கும். கால் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொடி கட்டியது, கையைப் பார்த்துப் பிரித்தது, ஆற்றுக்குள்ளும் பயிருக்குள்ளும் ஒளிந்த கால்கள், பேப்பர் கடைக்காரர் சொன்னது, எல்லாம். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. மதினி மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"அந்த ஆளு வேற எதுக்குமே கால் போடலையா?"

"நான் பாத்த வரைக்கும் இல்ல மதினி."

"ஒண்ணுக்குக்கூட?"

"இவளுக்கு மட்டுந்தான்."

"ம்" என்றாள். வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

மகன் கடப்பாரையோடு நின்று பலகையைத் தட்டிப் பார்த்தார். படம் மூன்று பலகைமேல் பரவி ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றினால் ரெண்டு இடத்தில் கிழியும். மூன்றையும் ஒன்றாகக் கழற்ற வேண்டும். கிட்டங்கியில் மரப்பெட்டிக்குக் குறுக்குச் சட்டம் அடிப்பார்கள். அதே மாதிரி பின்பக்கம் ரெண்டு சட்டம் குறுக்கே அடித்துவிட்டு, மேலும் கீழும் ரம்பத்தால் அறுத்தால் மூன்றும் ஒரே பலகை மாதிரி வரும் என்று மதினி காதில் மட்டும் சொன்னேன். மதினி அதைத் தன் குரலில் மகனுக்குச் சொன்னாள்.

"ஏலே, கடப்பாரையக் கீழ போடு. அந்தப் பக்கம் போயிச் சட்டத்த அடி."

அந்தப் பக்கம் என்பது என்னுடைய பழைய அறை. நாங்கள் போன பிறகு யாரோ சாக்கு மூட்டை போட்டு வைத்திருந்தார்கள். பலகையில் நான் ஒட்டிய அட்டைகள் இருந்தன. எலி கடித்ததும் மழை ஒழுகினதும் போக, நாலைந்து முகங்கள் பாக்கி. ஓரங்களில் துருசு பச்சையாகப் பூத்திருந்தது. படகில் உட்கார்ந்த ஒருத்தி, அதுவும் அவர் கைதான். அப்போதே அவரைத்தான் அதிகம் ஒட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அத்தை, ஆணி இந்தப் படத்து மேலதான் வருது. அடிக்கவா?"

ஆணி அடிக்க வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"அடி மாப்ளே" என்றேன். நெற்றிக்கு நேராக வந்த ஒரு ஆணியை மட்டும் கொஞ்சம் தள்ளி அடிக்கச் சொன்னேன்.

சட்டம் அடித்து முடித்ததும் மகன் ரம்பத்தை எடுத்தார். மதினி தடுத்துவிட்டாள். சாமியை இடம் மாற்றுவதென்றால் சாத்தியிருப்பதைக் களைந்துவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்றாள். இதை நானாகக் கேட்டிருக்க மாட்டேன். அவளே தேங்காய் எண்ணெயில் பழைய வேட்டித் துணியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒற்றி ஒற்றி எடுத்தாள், தேய்க்கவில்லை. முதலில் புருவம் வந்தது. பிறகு உதடு. விளக்கின் சுடர் நான் நினைத்ததைவிடச் சின்னது. வலது ஓரத்தில் சுழியும் கோடும் தெரிந்தபோது நான் இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். எண்ணெய் காகிதத்தில் ஊறி, துணி ஒவ்வொரு முறையும் சிவப்பாக எழுந்தது. தோட்ட வேலையில்கூட மதினி அவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒரு இழுப்பு இழுத்தால் கிழிந்துவிடும். அவள் இழுக்கவில்லை.

கடைசியாகக் கீழே வந்தாள். குங்குமக் கட்டி பெயர்ந்து மடியில் விழுந்தது.

சேலைக் கொசுவம் தண்ணீரில் போய் முடிந்தது. வழக்கம்போல அவளையும் ஏரிக்குள் நிறுத்தியிருந்தார். அந்தத் தண்ணீர் மேலே, தண்ணீரைப் பற்றிக் கவலையே இல்லாமல், ரெண்டு பாதம் இருந்தது. கெட்டியான கறுப்புக் கோடு. விரல்கள் அகன்று ஊன்றியிருந்தன, சரிவில் வழுக்காமல் நிற்கிற கால் மாதிரி. மெட்டி இருந்தது. கட்டைவிரலைவிடப் பக்கத்து விரல் நீளம்.

"இது அவர் இல்ல" என்றேன்.

"எவரு?"

"படம் போட்டவரு."

"அவரு இல்லதான்" என்றாள் மதினி, துணியை மடித்துக்கொண்டே. "நாந்தேன்."

நானும் மகனும் அவளையே பார்த்தோம்.

"என்னத்தப் பாக்குறீக? ஒட்டிட்டுப் பாக்குறேன், காலக் காணோம். கால் இல்லாட்டி எதத் தொட்டுக் கும்பிடுறது? ஸ்டோர்ல சாக்குக்கு மார்க் போடுற மையக் கொஞ்சம் கொண்டாந்து, தீக்குச்சியில தொட்டு வரஞ்சேன். இந்நேரம் வரைக்கும் ஒருத்தியும் கேக்கல."

"யார் கால் மதினி இது?"

"ஒங்கால்தான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்காலப் பாத்து வரையணும்னா நான் குனிஞ்சே கெடக்கணும். நீ அப்பப் புதுப்பொண்ணு. எந்நேரமும் வாசப்படியில நின்னு ஒங்காலையே பாத்துக்கிட்டு இருப்ப. யாரு என்ன கேட்டாலும் காலப் பாத்துத்தான் பதில் சொல்லுவ. அப்படி என்னத்தப் பாக்குறானு நானும் பாத்தேன். அந்தக் கால்தான் எனக்கு மனப்பாடம்."

மகன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அத்தை, அப்ப இந்த லயமே ஒங்க கால்ல விழுந்திருக்கு."

"கங்காணி பொண்டாட்டியும் விழுந்தா" என்றாள் மதினி. அதில் அவளுக்குத் தனி சந்தோஷம்.

நான் என் காலைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன். நீளமான இரண்டாவது விரல். வெள்ளிக்கிழமைதோறும் நானும் குனிந்து என் காலையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"இனிமே எப்படி மதினி கும்பிடுவ?" என்று கேட்டேன்.

"ஏன், வரையும்போது அவ கால்னு நெனச்சுத்தான வரஞ்சேன். வரஞ்ச பெறகு அது அவ கால்தான். ஒனக்கு அதுல பங்கு கெடையாது. ஏலே, அறுடா."

மகன் அறுத்தார். நாங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பலகையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். ரம்பம் போகப் போக உள்ளங்கையில் அதிர்ந்தது. ஓரமாகப் போட்டு வைத்திருந்த அந்த நினைப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். கிழிந்துவிடுமோ என்கிற பயம்தான் இருந்தது. கிழியவில்லை. ஒரு ஜன்னல் கதவு அளவுக்கு முழுசாக வந்தது. ஜமுக்காளத்தில் சுற்றி ஜீப்பில் ஏற்றியதும் மதினி பின்னால் ஏறி அதைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்தாள். யாரும் மலையை விட்டு இறங்கி வா என்று சொல்லவேண்டி இருக்கவில்லை.

மகன் வீட்டுப் பூசை அலமாரிக்குள் பலகை நுழையவில்லை. டைல்ஸ் ஒட்டிய புது வீடு. ஹாலில் வைக்கலாம் என்றால் டிவி இருக்கிறது. மருமகள் நல்ல பெண்தான், ஆனால் புகைவாசத்துக்கு மூக்கைச் சுருக்கியதை மதினி பார்த்துவிட்டாள்.

"அவ வீட்டுல வையிடா" என்று என்னைக் காட்டினாள். "ஆனா ஏ புள்ள, கொடியில துணி மாதிரித் தொங்கவிட்ட, அம்புட்டுத்தான்."

"பொட்டு மட்டும் பலகையில வையி மதினி, காயிதத்துல வேணாம்" என்றேன். ஒருவரிடம் நான் வைத்த முதல் நிபந்தனை அதுவாகத்தான் இருக்கும். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

மகள் தையல் மெஷினை நகர்த்தி இடம் கொடுத்தாள். விளக்குக்காரி இப்போது என் அறையில், கொடிக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து நிற்கிறாள். அவள் முதுகில் என் பழைய அட்டைகள், ஆணியோடு, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் மதினி ஷேர் ஆட்டோவில் வந்துவிடுவாள். தட்டில் விளக்கை வைத்துக் காலைத் தொட்டுக் கும்பிடுவாள். நானும் கும்பிடுகிறேன். முதல் தடவை கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை. முடிந்ததும் மதினி திரும்பி உட்கார்ந்து கொடியைப் பார்ப்பாள். அவளுக்கும் முழங்கால் வலி, அவளுக்கும் கீழ்க்கரைதான் கண்ணுக்குப் பக்கம்.

"இதுக்கும் கால் இல்ல. இதுக்கும் இல்ல. எல்லாத்தையும் மெதக்க விட்டிருக்கானே பாவி" என்பாள். ஒருதடவை, "நாற்காலியில உக்காந்து வரையிற ஆளா இருக்கும். நின்னுக்கிட்டே வேல பாத்திருந்தா கால் ஞாபகம் வந்திருக்கும்" என்றாள். சரியோ தப்போ தெரியாது. பேப்பர் கடைக்காரர் சொன்னதைவிட எனக்கு இது பிடித்திருந்தது. ஆனாலும் ஏன் என்கிற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. யாராவது அவரைக் கேட்டிருக்கலாம்.

அன்றைக்கே, "ஒரு பேனாவக் கொண்டா" என்றாள்.

எழுந்திருக்கவில்லை நான். காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் கேட்டாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கேட்கவில்லை, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் வரைந்ததில் இன்னொரு கை படக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எதிரே நிற்கிற விளக்குக்காரியைப் பார்க்கும்போது அப்படியும் தோன்றவில்லை. தண்ணீர் மேல் அந்த ரெண்டு கால் நிற்பதுதான் சரி என்று இருந்தது.

கன்றுக்குட்டி படுத்திருக்கிற அட்டை என்னிடம் ரெண்டு இருக்கிறது. வாரம் முழுக்க யோசித்துவிட்டு, ஒன்றை அவர் வரைந்தது வரைந்தபடி கொடியில் மாட்டினேன். இன்னொன்றை உட்காருகிற மணைப்பலகைமேல் விரித்து, மகளின் கறுப்பு மார்க்கர் பேனாவைப் பக்கத்தில் வைத்தேன். மதினி வந்து விளக்கு ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். மணைப்பலகையைப் பார்த்தாள். பேனா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"சாக்கு மை கெடைக்கலையா?"

"இதுதான் இருக்கு."

"கன்னுக்குட்டி மேல எப்படிக் கால் வைக்கிறது?"

"அதத்தான் நானும் பாக்கணும்" என்றேன்.

"சரி, உக்காரு" என்றாள். "காலை நீட்டு."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினேன். பழக்கத்தில் சேலையை இழுத்துப் பாதத்தை மூடினேன். பிறகு கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டேன்.